மசோசி மன்னித்துவிட்டாள்

கதேமோ கிராமம்,
4 மே 1996

அன்புள்ள எஸ்நாத்தி அக்காவுக்கு,

தம்பி யோத்தாமு எழுதுவது. நானும் ரோதாவும் உன் மருமகள் ஸெலிபாவும் நலம். மழைக்காலத்தில் பிடித்த இருமல் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. உன் தொண்டை எப்படி இருக்கிறது? லுசாகா குளிருக்குக் கழுத்தில் துணி சுற்றிக்கொள். இனிமேல் அந்தத் தொண்டை உனக்கு மட்டும் சொந்தமில்லை.

நேற்று மாலை மைலோசி கடை வாசலில் ஊரே திரண்டிருந்தது. "வெள்ளிக்கிழமை விலங்கு, வழங்குபவர் எஸ்நாத்தி நியோவு" என்று ரேடியோ சொன்னதும் ஸெலிபா எழுந்து நின்று, "எங்க அத்தை! எங்க அத்தை!" என்று கத்தி, அடுத்த இரண்டு வரியை யாரும் கேட்கவிடாமல் செய்துவிட்டாள். எட்டு வயதுக்கு அவ்வளவு குரல் ஆகாது.

மார்ச்சில் நான் உனக்கு எழுதிய அதே யானையைத்தான் சொன்னாய் என்று இரண்டாவது நிமிடமே தெரிந்துவிட்டது. கம்பிக் கண்ணியில் சிக்கிச் செத்த குட்டியின் எலும்புகளுக்குப் பக்கத்தில் தினமும் வந்து நிற்கிற தாய். நாங்கள் அவளை 'முப்பத்தொன்று' என்போம். நீ 'மசோசி' என்று பெயர் வைத்துவிட்டாய். கண்ணீர் என்று பெயர் வைத்தால் யார்தான் அழமாட்டார்கள்? மைலோசியே மூக்கைச் சிந்தினான்.

எங்கள் ஆராய்ச்சி முகாமில் மட்டும் வரவேற்பு சரியில்லை. டாக்டர் முலெங்காவும் கேட்டிருக்கிறார். காலையில் கூப்பிட்டார்.

"யானை அழுதுச்சுன்னு யாரு சொன்னது?"

"எங்க அக்கா, டாக்டரம்மா."

"உங்க அக்காவுக்கு யாரு சொன்னது?"

நான் மேசையில் கிடந்த யானை அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"கன்னத்துல வடியுறது கண்ணீர் இல்ல யோத்தாமு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல ஒரு சுரப்பி இருக்கு. பயந்தாலும் வடியும், கோவம் வந்தாலும் வடியும், சொந்தக்காரங்களப் பார்த்தாலும் வடியும். காலு என்ன பண்ணுச்சு, தும்பிக்கை என்ன பண்ணுச்சு, அத எழுது. அதோட மனச உன்கிட்ட யாரும் கேக்கல."

என்னைவிட ஆறு வயது சின்னவர். ஆனால் சம்பளம் தருபவர் அவர்தானே, தலையாட்டிவிட்டு வந்தேன். உனக்கு எழுதுவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
யோத்தாமு


லுசாகா,
19 மே 1996

அன்புத் தம்பி யோத்தாமுவுக்கு,

அக்கா நலம். தொண்டையும் நலம். சுடுதண்ணீரில் உப்பு போட்டுக் கொப்பளிக்கிறேன். உன் இருமலை அலட்சியம் செய்யாதே. ரோதாவிடம் சொல்லி ஆவி பிடி.

மசோசிக்குக் கடிதங்கள் வருகின்றனடா! எனக்கில்லை, அவளுக்கு. கித்வேயிலிருந்து ஒரு சுரங்கத் தொழிலாளி, "என் மனைவி இறந்த பிறகு நானும் இப்படித்தான் ஒரே இடத்தில் போய் நிற்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். நிகழ்ச்சியை டிசம்பர் வரை நீட்டித்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் மற்றவர்கள் பேசுவதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் நான். மறுபடியும் அந்த நாற்காலிக்குப் போகமாட்டேன். அதற்கு மசோசி வேண்டும்.

உன் டாக்டரம்மாவுக்கு என் வணக்கம். சுரப்பியை வைத்துக்கொண்டு அவர் ஆராயட்டும். செத்த குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கிற தாய்க்கு என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. கால் என்ன செய்தது என்று நீ எழுது. மனசைப் பற்றி நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாரம் ஒரு கடிதமாவது எழுது. எங்கே நின்றாள், யாரைப் பார்த்தாள், எதைத் தின்றாள், எல்லாம். நல்லதாகப் பார்த்து எழுது.

ஸெலிபாவின் கன்னத்தைக் கிள்ளியதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா எஸ்நாத்தி


கதேமோ,
16 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆவி பிடித்தேன், இருமல் பாதி போய்விட்டது. ரோதா உனக்காக வேர்க்கடலைப் பொடி இடித்து வைத்திருக்கிறாள். சிபாட்டா போகிற லாரி கிடைத்ததும் வரும்.

நீ கேட்டபடி எழுதுகிறேன். போன திங்கள், புதன், வெள்ளி மூன்று காலையும் எலும்புகளிடம் நின்றாள். தாடை எலும்பைத் தும்பிக்கையால் புரட்டினாள். பின்னங்காலால் மெல்லத் தொட்டாள். என்னைக் கண்டதும் நேராகத் திரும்பி, காதை விரித்து நின்றாள். இடது காதின் அடியில் முக்கோணமாக ஒரு கிழிசல், அதனால் அடையாளத்துக்குக் கவலையே இல்லை.

செவ்வாயன்று குளத்தில் பார்த்தேன். அதே கிழிந்த காது. நம் ஊர்ப் பெண்கள் நான்கு பேர் தண்ணீர் மொள்ள வந்தார்கள். இருபது அடிதான் இடைவெளி. அவள் ஒருமுறை முகர்ந்துவிட்டு, நகர்ந்து வழிவிட்டாள்! திரும்பி நடந்து போய், நாங்கள் ஒளிந்திருந்து பார்க்கிற மறைப்புக்கு முதுகு காட்டிக்கொண்டு நாணல் தின்றாள். வியாழனும் அப்படியே. மைலோசியின் சித்தி அவளைப் பார்த்து, "ஏம்மா, உனக்கு வேற குளமே கெடைக்கலியா?" என்று சத்தம்கூடப் போட்டாள். அசையவில்லை.

நல்லதாகப் பார்த்து எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். இன்னொன்றும் உண்டு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. குட்டி செத்த இடம் மகாகனித் தோப்பில் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற குறுக்குப் பாதை அந்தத் தோப்பு ஓரமாகத்தான் போகிறது. நானும் ரோதாவும் ஸெலிபாவைச் சுற்றுப்பாதையில் போகச் சொல்கிறோம். ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும். சொன்ன பேச்சைக் கேட்கிறாளா என்பது வேறு விஷயம்.

அன்புடன்,
யோத்தாமு


லுசாகா,
6 ஜூலை 1996

அன்புத் தம்பிக்கு,

நலம். கடலைப் பொடி வந்தது, இரண்டே நாளில் தீர்ந்தது. ரோதாவின் கைக்கு ஈடில்லை.

நேற்றைய நிகழ்ச்சியைக் கேட்டிருப்பாய். பேட்டரி தீர்ந்து கேட்காமல் போயிருந்தால் என்ன செய்வது என்று கடைசிப் பகுதியை இங்கே எழுதுகிறேன்:

"மனிதன் வைத்த கம்பி அவள் பிள்ளையைக் கொன்றது. அந்த மனிதனின் மனைவிமார் குடத்தோடு குளத்துக்கு வருகிறார்கள். மசோசி அவர்களை முகர்கிறாள். அந்த வாசனை அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், பழி தீர்ந்துவிடும். ஆனால் மசோசி ஒதுங்கி வழிவிடுகிறாள். நேயர்களே, மசோசி மன்னித்துவிட்டாள். நாம் யாரை மன்னிக்காமல் வைத்திருக்கிறோம்?"

யோத்தாமு, இதை வாசிக்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. நடிப்பில்லை. நம் அப்பாவோடு கடைசி வரை பேசாமலே இருந்தேனே, அது ஞாபகம் வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் கண்ணால் பார்த்துத்தான் நான் இதையெல்லாம் சொல்கிறேன். நம் இருவரின் நிகழ்ச்சி இது.

குறுக்குப் பாதையைப் பற்றிக் கவலைப்படாதே. பெண்களுக்கு இருபது அடியில் வழிவிட்டவள், பிள்ளைகளை என்ன செய்துவிடப் போகிறாள்?

அடுத்த கடிதம் சீக்கிரம்.

அன்புடன்,
அக்கா


கதேமோ,
25 ஜூலை 1996

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இங்கே நடப்பதைக் கேட்டால் சிரிப்பாய். நீ மன்னிப்பைச் சொன்னதிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் மசோசிக்கு மரியாதை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். லக்சன் வாத்தியார் வகுப்பிலேயே சொன்னாராம்: "பெரியவங்களப் பார்த்தா என்ன பண்ணுவீங்க? மண்டி போட்டுக் கை தட்டி வணக்கம் சொல்வீங்கல்ல? மன்னிக்கத் தெரிஞ்சவங்கதான் பெரியவங்க." அவ்வளவுதான். தோப்பு ஓரத்தில் யானையைக் கண்டால் பத்துப் பன்னிரண்டு பேரும் பைகளை இறக்கி வைத்து, வரிசையாக மண்டியிட்டு, உள்ளங்கையைக் குவித்துத் தட்டி, "முலிபுவாஞ்சி, மாயி" என்கிறார்கள். எப்படி இருக்கீங்க, அம்மா! தலைமை தாங்குவது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? ரேடியோ அத்தையின் மருமகள்தான். சுற்றுப்பாதை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்...

28 ஜூலை, ஞாயிறு

வியாழனன்று ஆரம்பித்த கடிதம். வேலை வந்துவிட்டது, இன்றுதான் தொடர்கிறேன்.

அக்கா, அடுத்த நிகழ்ச்சியில் ஒரே ஒரு வரி சொல்வாயா? காட்டு யானைக்கு யாரும் பக்கத்தில் போகக்கூடாது, மண்டியிடக்கூடாது என்று சொல்லிவிடு. மண்டியிட்டிருக்கிற பிள்ளையால் உடனே எழுந்து ஓட முடியாது. அதற்காகத்தான் சொல்கிறேன். வேறு ஒன்றுமில்லை.

இந்த வாரம் மசோசியைப் பற்றி எழுத எதுவுமில்லை.

யோத்தாமு


லுசாகா,
9 ஆகஸ்ட் 1996

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். கடிதம் என்னவோ பாதியில் கை மாறியதுபோல் இருக்கிறது. முதல் பக்கத்தில் சிரிக்கிறாய். இரண்டாம் பக்கத்தில் இழவு வீட்டிலிருந்து எழுதுகிறாய். என்ன நடந்தது அந்த மூன்று நாளில்? டாக்டரம்மா திட்டினாரா?

நீ கேட்ட வரியைத் தயாரிப்பாளரிடம் சொன்னேன். "அஞ்சு வாரமா மன்னிச்சவ மன்னிச்சவன்னு சொல்லிட்டு, இப்ப பக்கத்துல போகாதீங்கன்னா நேயர் என்ன நெனைப்பான்? அவ மன்னிக்கலயான்னு கேப்பான்ல?" என்றார். அதுவும் சரிதானே! ஆனாலும் உனக்காக, கடைசியில், "காட்டு விலங்குகளைத் தூரத்திலிருந்து நேசிப்போம்" என்று சேர்த்துவிட்டேன். இசை வந்துவிட்டதால் கேட்டிருக்குமா தெரியவில்லை.

பிள்ளைகள் மண்டியிடுவதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதை நிகழ்ச்சியில் சொல்லட்டுமா? மசோசி அதற்கு என்ன செய்கிறாள் என்று நீ எழுதவே இல்லையே!

ஸெலிபாவுக்குப் பச்சைக் கவுன் அனுப்புகிறேன். நீளமாக இருந்தால் ரோதா மடித்துத் தைக்கட்டும்.

அன்புடன்,
அக்கா


கதேமோ,
24 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கவுன் வந்தது. அளவு சரி. இப்போது பள்ளி விடுமுறை. செப்டம்பர் ஒன்பதாம் தேதி திறக்கிறார்கள்.

ஒரு உதவி. மசோசி கதையை நிறுத்திவிடு. முதலை, கழுகு, எறும்பு என்று எதை வேண்டுமானாலும் கேள், எழுதித் தருகிறேன். மசோசி மட்டும் வேண்டாம். பள்ளி திறப்பதற்குள் நிறுத்து.

காரணம் கேட்காதே, பிறகு எழுதுகிறேன்.

யோத்தாமு


லுசாகா,
15 செப்டம்பர் 1996

யோத்தாமு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எல்லோரும் நலம்தானே?

காரணம் கேட்காதே என்று எழுதினாய். நான் கேட்கவில்லை, அதுவாக வந்தது. உங்கள் லக்சன் வாத்தியார் வானொலி நிலையத்துக்கே நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் இரண்டாம் தேதி பிள்ளைகள் மண்டியிட்டிருந்தபோது மசோசி காதை விரித்துக்கொண்டு ஓடி வந்தாளாம். பத்தடி தூரத்தில் நின்றாளாம். தலையை ஆட்டினாளாம். திரும்பிப் போய்விட்டாளாம். "பிள்ளைகளை அடையாளம் கண்டுகொண்டு நின்றாள்" என்று எழுதியிருக்கிறார். இவ்வளவு பெரிய விஷயத்தை என் சொந்தத் தம்பி என்னிடம் மறைக்கிறான்!

உனக்குப் பொறாமையா? 'கதை எழுதுவது அவள், வெயிலில் நிற்பது நான்' என்று நினைக்கிறாயா? அப்படியென்றால் நேராகச் சொல். உன் பெயரையும் நிகழ்ச்சியில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை அதைச் சொல்லிவிட்டேன். "பத்தடியில் அவள் நின்றாள். அந்தப் பிஞ்சு முகங்களில் தன் பிள்ளையைப் பார்த்தாள்." இதுவரை நான் சொன்னதிலேயே இதுதான் சிறந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆனால் இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பொறாமைப்படுகிறவன் இல்லை. சின்ன வயதில்கூட என் பங்கைக் கேட்டதில்லை. பிறகு எதற்காக மறைத்தாய்? எழுதடா.

எஸ்நாத்தி


கதேமோ,
18 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இது: ஸெலிபா உயிரோடு இருக்கிறாள். தோள்பட்டை பிசகியிருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிறோம். பிசகியது என்னால்தான். நான் இழுத்த இழுப்பில்.

டாக்டரம்மாவின் ஓட்டுநர் இன்று லுசாகா வருகிறார். அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பொறுமையாக வாசி.

மசோசி என்று ஒரு யானை இல்லை, அக்கா. இரண்டு யானைகள்.

எங்களிடம் அடையாள அட்டை உண்டு. யானையின் முகமும் இரண்டு காதும் நம்மைப் பார்த்தபடி அச்சிட்டிருக்கும். கிழிசல் எங்கே இருக்கிறதோ அங்கே பென்சிலால் வரைய வேண்டும். தோப்பு யானையை நான் எப்போதும் முகத்துக்கு நேராகப் பார்த்தேன், சரியாக வரைந்தேன். இடது காது. குளத்து யானையை எங்கள் மறைப்பிலிருந்து எப்போதும் முதுகுப் பக்கமாகத்தான் பார்த்தேன். என் வலக்கைப் பக்கம் கிழிசல் தெரிந்தது. அட்டையிலும் வலப்பக்கம் போட்டேன். ஆனால் அட்டையில் யானை நம்மைப் பார்த்து நிற்கிறது. அதில் வலப்பக்கம் என்றால் யானைக்கு இடது காது. குளத்து யானைக்குக் கிழிந்திருப்பது வலது காது. இரண்டு அட்டையும் ஒன்றுபோல் வந்ததால், இரண்டும் ஒன்றே என்று எழுதிவிட்டேன். மூன்று வருஷம் வேலை பார்த்தவன் செய்கிற தப்பா இது!

ஜூலை இருபத்தாறாம் தேதி இரண்டும் ஒன்றாகக் குளத்துக்கு வந்தன. அப்போதுதான் தெரிந்தது. உனக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதம் பாதியில் நின்றது அதனால்தான்.

எலும்புக்குப் பக்கத்தில் நிற்பவள் ஒருத்தி. பெண்களுக்கு வழிவிட்டவள் இன்னொருத்தி. அவளுக்கு எந்தக் குட்டியும் சாகவில்லை. இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு தினமும் நாணல் தின்கிறாள்; உயரமான நாணலுக்குள் நின்ற அந்தக் குட்டிகளையும் நான் அதுவரை பார்க்கவில்லை. நாம் இரண்டையும் சேர்த்துத் தைத்து ஒரு மனசு செய்தோம். அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைத்தோம். குளத்துக்காரிக்கு மன்னிக்க ஒன்றுமில்லை. தோப்புக்காரி மன்னிக்கவில்லை. பிள்ளைகள் மண்டியிடுவது தோப்புக்காரியிடம்.

தெரிந்த அன்றே டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று வருஷக் குறிப்பும் குப்பை என்றால் என்னை வைத்திருப்பாரா? ஆகஸ்டில் அவள் ஓடி வந்து பத்தடியில் நின்றாளே, அது எச்சரிக்கை. அடையாளம் கண்டதாக ஊரே கொண்டாடியது. உனக்கு எழுதினால் நீயும் கொண்டாடுவாய் என்று பயந்து மறைத்தேன். நீ கொண்டாடினாய். வெள்ளிக்கிழமை மைலோசி கடையில் உன் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். திங்கள் காலை நானே தோப்பில் போய் நின்று தடுப்பது என்று முடிவு செய்தேன்.

திங்கள் காலை பன்னிரண்டு பேர் இல்லை, இருபத்தாறு பேர். நான் தோப்பை எட்டும்போது எல்லோரும் மண்டியிட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் இந்த முறை காதை விரிக்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள். நான் கத்தியதும் பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். ஸெலிபா மட்டும் எழவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். கையைப் பிடித்துக் கரையான் புற்றுக்குப் பின்னால் இழுத்துப் போட்டேன். அவள் மண்டியிட்டிருந்த இடத்தில் இருந்த பையை யானை மிதித்து, தூக்கி வீசியது. பிறகு போய்விட்டது.

உன் மருமகள் என்ன சொன்னாள் தெரியுமா? வலியில் அழுதுகொண்டே சொன்னாள்: "நீ கத்துனதாலதாம்பா அவளுக்குக் கோவம் வந்துச்சு. இல்லன்னா நின்னிருப்பா. அத்தை சொன்னாங்கல்ல?"

நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். வாத்தியாரும், "ரேடியோவுல போய் பொய் சொல்லுவாங்களா?" என்கிறார். நேற்று டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம். மன்னிக்காத யானை என்று நான் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "மன்னிக்கலன்னு மட்டும் உனக்கு எப்படித் தெரியும்? நமக்குத் தெரிஞ்சது, பிள்ளைங்க உக்காந்த எடத்துல மிதிச்சா. அவ்வளவுதான் தெரியும்" என்றார். தோப்பில் இரண்டு காவலாட்களைப் போட்டிருக்கிறார். இரண்டு பேரால் இருபத்தாறு பேரை எத்தனை நாள் தடுக்க முடியும்?

ஸெலிபா கட்டோடு படுத்திருக்கிறாள். எழுந்ததும் மறுபடி போவாள். அவளைத் தடுக்கக்கூடிய குரல் ஒன்றுதான் இருக்கிறது, அது என்னிடம் இல்லை.

யோத்தாமு


லுசாகா,
23 செப்டம்பர் 1996

என் தம்பிக்கு,

கடிதம் வெள்ளி மாலை கிடைத்தது. ஸெலிபாவின் தோள் எப்படி இருக்கிறது? வீக்கம் இருந்தால் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்மேல் கோபப்பட வேண்டும் என்று இரண்டு நாள் முயன்றேன். முடியவில்லை. நீ காதை மாற்றிப் போட்டாய். மன்னிப்பை யார் போட்டது? நம் அப்பாவிடம் நான் கேட்காத மன்னிப்பை எடுத்து ஒரு யானையின் வாயில் வைத்தேன். அதற்குப் போய் உன் மகள் மண்டியிட்டிருக்கிறாள்.

தயாரிப்பாளரிடம் சொன்னேன். "ஒரே வாரத்துல மசோசியே இல்லைன்னு சொன்னா நிகழ்ச்சி முடிஞ்சுது, நீயும் முடிஞ்ச" என்றார். வேண்டுமானால் மசோசி வேறு காட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்லிக் கௌரவமாக முடித்துக்கொள்ளலாமாம். ஒரு நிமிடம் சபலப்பட்டேன், உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த நாள் தோப்பில் நிற்கிற யானையைப் பார்த்து உன் மகள், "திரும்பி வந்துட்டா!" என்று ஓடமாட்டாளா?

வெள்ளிக்கிழமை நேரடி ஒலிபரப்பு. எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அதை வாசிக்கப் போவதில்லை. எப்படியாவது பேட்டரி வாங்கு. ஸெலிபாவை ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார வை. வாத்தியாரையும் கூப்பிடு.

ஓட்டுநர் வாசலில் காத்திருக்கிறார். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து புரிகிறதா?

அக்கா


கதேமோ,
30 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் தேவலை, கட்டு நாளை அவிழ்க்கலாம் என்கிறார்கள். ரோதா உன்னை விசாரித்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து உனக்காக ஜெபம் செய்துகொண்டிருக்கிறாள். வேலை என்ன ஆயிற்று என்று எழுது. தட்டச்சு நாற்காலிதான் என்றாலும் எழுது.

நீ பேசியது முழுவதும் கேட்டது. "இரண்டு யானைகளை ஒன்று என்று உங்களிடம் சொன்னேன். மன்னித்தாள் என்று சொன்னது நான். அவள் சொல்லவில்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்பது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. கதேமோப் பிள்ளைகளே, அந்தப் பாதையில் போகாதீர்கள்." அதோடு பாட்டுப் போட்டுவிட்டார்கள். நடுவில் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

கடை வாசலில் மைலோசி, "மேலேருந்து சொல்லச் சொல்லியிருப்பாங்க" என்றான். அவன் சித்தி, "போடா, அந்தப் பொண்ணு குரலப் பார்த்தா சொல்லச் சொன்ன மாதிரியா இருந்துச்சு?" என்று அவன் வாயை அடைத்தாள். லக்சன் வாத்தியார் எழுந்து போனார். சனிக்கிழமை வீடு வீடாகச் சென்று, சுற்றுப்பாதைதான் என்று தானே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நல்ல மனிதர். முகம் மட்டும் செத்துப்போயிருந்தது.

ஸெலிபா அன்றைக்கும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், பேச்சுத்தான் இல்லை. இன்று காலை நானே அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பாதை பிரிகிற இடத்தில் நின்றாள். தோப்பில் ஒரு யானை நின்றது. தூரம் அதிகம், எந்தக் காது என்று எனக்கே தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடிக்கவில்லை, அக்கா. பிடித்தால் நாளைக்கு என் கை இல்லாதபோது என்ன செய்வாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அரை நிமிடத்தில் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுற்றுப்பாதையில் திரும்பி நடந்தாள்.

பள்ளி வாசலுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள். "அப்பா, அத்தைக்கு எழுதுறப்ப ஒண்ணு கேளு. நான் தினமும் வணக்கம் சொன்னேன்ல? அது எதுவுமே அவளுக்குத் தெரியாதா?"

டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவரோ, "உங்க அக்காவையே எழுதச் சொல்லு" என்றார்.

ஆகவே நீயே அவளுக்கு எழுது. ஆனால் பார்த்து எழுது, அக்கா. நீ எதைச் சொன்னாலும் நம்புகிறவள் அவள்.

உன் தம்பி,
யோத்தாமு